ஆயாக்கொட்டகையில் விழித்திருந்தவள்

1

பகலில் தூங்கிவிடுகிற ஒருத்தியிடம் உங்கள் இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவீர்களா? நான் போக மாட்டேன். ஆனால் நான்கு வருடமாக அந்த ஒருத்தி நான்தான்.

மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் தாமான். தாமான் என்றால் இங்கே குடியிருப்பு. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம், இப்போது ஒரே மாதிரி வரிசை வீடுகள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலை ஏழு மணிக்குள் பிள்ளைகளை என் வீட்டு கேட்டுக்குள் விட்டுவிட்டு ஓடுவார்கள். தோட்டம் இருந்த காலத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போக ஒரு கொட்டகையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் இருந்தார்களாம். அந்தக் கொட்டகையை நான் பார்த்ததில்லை. பெயர் மட்டும் என் வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. தாமான் முழுக்க என் வீட்டுக்கு ஆயாக்கொட்டகை என்றுதான் பேச்சு.

இந்த மாதத்தோடு நான் முசிறியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தோரு வருடம். வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் எழுதுவதையெல்லாம் நானும் படிக்கிறேன். பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, நம்மோடு ஒட்டுவதில்லை, விலகிப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொருவரும் அழுகிறார்கள். என் புகார் நேர்மாறானது. என் மகள் விலகிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

2

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பதினாலு வயதில் ஆரம்பித்தது. இரவு ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும், காலை பத்து மணிக்கு வகுப்பில் கண் சொருகும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பாதி நேரம் தூங்கினேன். விடைத்தாளில் பேனா இழுத்துக்கொண்டே போன கோடு ஒன்று இருந்தது. வீட்டில் அடித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் என் முழங்கால் மடங்கும். நின்ற இடத்திலேயே துணிமூட்டை மாதிரி உட்கார்ந்துவிடுவேன். அதனால் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஊருப் பொண்ணுக்குத் திமிரு, சிரிக்கவே மாட்டேங்குது" என்றார்கள். சிரித்துக் காட்டி விழுவதற்குத் திமிர் பட்டமே மேல் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அம்மா எனக்கு மூன்று டம்ளர் காப்பி கொடுத்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் என் பின்னால் உட்கார்ந்து, புடவைத் தலைப்புக்குள் கையை விட்டு இடுப்பில் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவள் சொன்னபோது அவள் நகம் என் சதையில் இருந்தது. அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் செத்து ஏழு வருடம் ஆகிறது, இருந்தாலும் மன்னிக்கவில்லை. நோயோடு அனுப்பியதற்காக அல்ல. மறைக்கச் சொல்லி அனுப்பியதற்காக.

3

இங்கே வந்த பிறகு பதினேழு வருடம் அந்த மறைக்கிற வேலையைத்தான் செவ்வனே செய்தேன். கிளினிக்கில் டாக்டர் என்னம்மா செய்கிறது என்று கேட்டால், "அசதியா இருக்கு" என்பேன். கூட வருகிறவர்கள் அதை மலாயில் சொல்வார்கள். அசதிக்கு என்னென்ன பரிசோதனை உண்டோ அத்தனையும் செய்தார்கள். இரும்புச் சத்து மாத்திரை, சத்து ஊசி, தைராய்டுக்கு ரத்தம். "தூக்கம் வருது" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. பகலில் தூங்குகிற மருமகள் என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்?

என் கணவர் சேகர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். திங்கள் விடியற்காலை போனால் அங்கேயே தங்கிவிட்டு வெள்ளி இரவுதான் வருவார். சாது. ஒருமுறை என் விசாவைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தோம். துணைவர் விசா என்பதால் அவரும் லீவு போட்டு வந்தாக வேண்டும். நகல் எடுக்க வெளியே போனவர், நம்பர் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சீட்டு கையில் இருக்கிறது, நம்பர் எப்போதோ போய்விட்டது, நான் நாற்காலியில் தலை தொங்கத் தூங்குகிறேன். பக்கத்திலிருந்த ஒரு மாது, "கூப்டுகிட்டே இருந்தாங்க அண்ணே, நான் தட்டியும் பாத்தேன்" என்றார். அன்றைய சீட்டு முடிந்துவிட்டது. அவர் திட்டவே இல்லை. மறுபடி ஒரு நாள் லீவு போட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என்னைக் காட்டிக்கொடுத்தவள் என் மகள் கீர்த்தனாதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஈப்போ மருத்துவமனைக்கு என்னோடு வந்திருந்தாள். நான் வழக்கம்போல அசதி என்றேன். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. மலாயில் டாக்டரிடம் தானாகவே பேசிக்கொண்டே போனாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. சோறு தின்னும்போது தூங்குவது, பேச்சின் நடுவில் தூங்குவது, சிரித்தால் விழுவது, அடுப்பில் பால் தீய்ந்தது, எல்லாம் சொன்னாள். எல்லோர் முன்னாலும் என் துணியை உருவியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் அவளோடு பேசவில்லை.

ஒரு ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நார்கோலெப்சி என்று பெயர் சொன்னார்கள். விழிப்பைக் காக்கிற ஏதோ ஒன்று என் மூளையில் சுரப்பது நின்றுபோய்விட்டதாம். குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார் அந்த இளம் டாக்டர். சோம்பேறித்தனம் இல்லை என்று அவர் சொன்னதும் நான் அழுதேன். முப்பது வருடப் பழி அது.

4

முதல் மாத்திரை போட்ட நாளை மறக்க முடியாது. காலை ஏழு மணிக்குப் போட்டேன். எட்டு மணிக்கு யாரோ ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கும் விழித்திருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டை இரண்டு தடவை கூட்டினேன். அடுத்த மாதமே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் வேலை அது, எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் மாத்திரைக்கு ஒரு கணக்கு உண்டு. நான் குடிமகள் இல்லை என்பதால் மருந்துக்கு முழு விலை. மாதம் இருபதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். தினமும் போடச் சொன்னார் டாக்டர். நான் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டேன். சனி, ஞாயிறு கிடையாது. அந்த இரண்டு நாளும் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். எழுந்து சமைப்பேன், தின்பேன், மறுபடி தூங்குவேன்.

அதாவது, என் புருஷன் வீட்டில் இருக்கிற நாட்களில் நான் தூங்கினேன். கீர்த்தனாவுக்குப் பள்ளி இல்லாத நாட்களில் நான் தூங்கினேன். ஊரார் பிள்ளைகளுக்கு விழித்திருக்கிற நான், சொந்த வீட்டுக்குத் தூங்குகிற நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரும் அவளும் ஈப்போவுக்குப் போய்த் திரும்புவார்கள். கண் விழித்துப் பார்த்தால் எனக்கு வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் மேசைமேல் ஆறிப்போய் இருக்கும்.

வாரநாளிலும் ஒரு ஓட்டை இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் மாத்திரையின் பிடி தளரும். இரண்டேகாலுக்குக் கீர்த்தனா பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். "நான் பாத்துக்குறேன்மா, நீ கொஞ்சம் கண்ண மூடு" என்பாள். நானும் பாயில் சாய்வேன். அஞ்சரைக்குத் தாய்மார்கள் வரும்முன் எழுப்பி, முகம் கழுவ வைத்து, கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். நின்றுகொண்டு எந்தப் பிள்ளையையும் தூக்குவதில்லை என்பது எனக்கு நானே போட்ட சட்டம். பிள்ளைகள் எப்போது சிரிப்பு மூட்டும் என்று யாருக்குத் தெரியும்?

பதினேழு வயதில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் தோழிகள் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போனார்கள். இவள் பக்கத்துப் பள்ளியில், நம் ஊர் பிளஸ் டூ மாதிரியான ஆறாம் படிவம் சேர்ந்தாள். "கிட்ட இருக்குமா" என்றாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது எழுத முடிகிறது. ஆறாம் படிவமும் முடிந்தபின் மற்ற பிள்ளைகள் பல்கலைக்கழக இடம் வரும்வரை கடைகளில் வேலைக்குப் போனார்கள். இவள் வீட்டிலேயே இருந்தாள்.

5

போன வியாழக்கிழமை மாலை, மூன்று வயது ஆயிஷாவைக் கூட்டிப் போகப் பர்வீன் வந்தாள். பர்வீனின் கணவர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, இவள்தான் கல்லாவில் இருப்பாள். மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"ஏன்க்கா, கீர்த்திக்கு சபாவுல யூனிவர்சிட்டி கெடச்சிருச்சாமே. போகலன்னு சொல்லிட்டாளாம்ல?"

"யாரு சொன்னா?"

"அவளேதான்க்கா. நேத்து நான்தான் கேட்டேன். அவ போயிட்டா எங்களுக்குத்தான் சூசா. நல்ல வேளைலா, எனக்கு இப்பதான் நிம்மதி."

சூசா என்றால் திண்டாட்டம். என் மகள் போய்விட்டால் பர்வீனுக்கு ஏன் திண்டாட்டம் வர வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இடம் கிடைத்ததை மகள் என்னிடம் சொல்லவில்லை என்பது மட்டும்தான் உறைத்தது.

சாப்பிடும்போது கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"ஆமா, கெடச்சிச்சு. உணவு அறிவியல். தூரம்லா மா, பிளேன் ஏறிப் போகணும்."

"நீ கேட்டு எழுதிப்போட்ட படிப்புதானே?"

"சும்மா போட்டேன். தா பாயா லா மா. அடுத்த வருஷம் இங்க பக்கத்துல ஏதாச்சும் பாப்போம்."

தா பாயா என்றால் வேண்டியதில்லை. என்னிடம் பொய் சொல்லும்போது மட்டும் அவள் மலாய்க்குத் தாவுவாள். திங்கள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் இடம் போய்விடும் என்பதையும் மெல்ல மெல்லக் கறந்தேன்.

"எனக்காகவா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? எனக்கு ஆசையில்ல" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவினாள்.

6

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். கொட்டகையை மூடினால் அவள் இங்கே கிடக்கக் காரணம் இருக்காது. மூட வேண்டுமென்றால் தாய்மார்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா நகத்தால் மூடிய விஷயத்தை நானே வாயால் திறக்க வேண்டும்.

மாலை, இப்போது என்னிடம் பிள்ளை விடுகிற இருவரும் வந்தார்கள். பர்வீனும் சுமதியும். சுமதி ஒரு மருத்துவமனையில் உதவியாளர், அவளுடைய இரண்டு பையன்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கீர்த்தனாவைக் கடைக்கு அனுப்பியிருந்தேன். இருவரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"எனக்கு ஒரு நோய் இருக்கு. மாத்திரை போட்டாதான் முழிச்சிருப்பேன். ரெண்டு மணிக்கு மேல அதுவும் கேக்காது. நாலு வருஷமா எல்லார்கிட்டயும் மறச்சுட்டேன். காலத் தொட்டு மன்னிப்புக் கேக்கச் சொன்னாலும் கேக்குறேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமதிதான் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் ஒரு நாள் நான் மூணு மணிக்கே வந்துட்டேன். நீங்க சோத்துத் தட்டோட தூங்கிக்கிட்டு இருந்தீங்க. கீர்த்தி யூனிபார்மோட உக்காந்து சின்னவனுக்கு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்குப் பிள்ளைங்கள அப்பவே தூக்கியிருப்பேன். கீர்த்திதான் கேட்டுக்கு வெளிய வந்து, நோயப் பத்திச் சொல்லி அழுதுச்சு. 'நான் இருக்குற வரைக்கும் ஒன்னும் ஆகாது ஆண்டி, அம்மாகிட்ட மட்டும் கேக்காதீங்க'ன்னுச்சு. பர்வீன்கிட்டயும் அதுவே சொல்லியிருச்சு."

"அப்புறமும் கொண்டாந்து விட்டீங்களே?"

"உங்களுக்காக விடலக்கா" என்றாள் சுமதி. குரலில் கடுமை இல்லை. "கீர்த்தி இருக்குன்னுதான் விட்டோம்."

என்ன எழுதுவது? நான்கு வருடமாகப் பெருமையோடு நான் நடத்திய கொட்டகை என்னுடையதே இல்லை. பள்ளி முடிந்து ஓடி வந்த ஒரு பெண் பிள்ளை நடத்தியிருக்கிறாள். மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, நாலாவதாக என்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவமானத்தில் முகம் எரிந்தது. அதைவிட, அவள்மேல் பாவமாக இருந்தது.

"அவ சபா போறா. அவ பிளேன் ஏறுற அன்னைக்கு வரைக்கும் பாத்துக்குறோம். அதுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க" என்றேன்.

சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி நம்பி விட நான் எங்கக்கா போவேன்" என்றாள். அவளுக்கு நான் செய்ததும் அநியாயம்தான்.

சனிக்கிழமை விஷயம் தெரிந்து கீர்த்தனா ஆடிவிட்டாள். "யாரக் கேட்டுச் சொன்ன? உன் வேல அது! அது இல்லாம நீ என்னா செய்வ? பிள்ளைங்க இல்லன்னா மட்டும் நான் எப்படிப் போவேன்? அப்பா கமுந்திங்குல. அடுப்புல நீ எதையாச்சும் வச்சிட்டுத் தூங்கிட்டா?"

மாத்திரை இல்லாத சனிக்கிழமை. எதிரே அவள் கத்திக்கொண்டிருக்கிறாள், என் கண் சொருகுகிறது. இதைவிடக் கேவலம் உண்டா? சேகர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். தூங்கிவிடாமலிருக்க நாக்கைக் கடித்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, கீர்த்தி. நீ போனா நான் தீஞ்சு போவேனோன்னு இருக்கு. ஆனா நீ போகலன்னா, நான் உன்னப் பெத்து வளக்கல, காவலுக்கு வச்சிருக்கேன்னு ஆயிரும். அத என்னால தாங்க முடியாது."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கைபேசியை எடுத்து, எங்கள் இருவர் கண்முன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற இடத்தை அழுத்தினாள். "போதுமா? சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சோபாவிலேயே தூங்கிப்போனேன்.

7

அவள் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன பிறகு என் பகல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சேகர் கேஸ் அடுப்பை மாற்றி, தானாக அணைகிற மின்சார அடுப்பு வாங்கலாம் என்கிறார். தனியாக இருக்கும்போது சமைக்கவே வேண்டாம், பர்வீன் கடையிலிருந்து சோறு வரும் என்கிறார். எல்லாம் நல்ல யோசனைதான். கேட்கக் கேட்க வீடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை போட்டேன். அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறையும், குறையட்டும். கீர்த்தனாவோடு ஈப்போவுக்குப் போய், அவளுக்குப் பெட்டி வாங்கி, ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. தோசை சுட்டு வைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அவள் எழவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். பத்தரைக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படி ஒரு தூக்கம். பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. எனக்கிருப்பது அவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். சேகர்தான், "அதெல்லாம் ஒன்னும் இல்லலா. பிள்ள என்னைக்கு நிம்மதியாத் தூங்குச்சு, விடு" என்றார். நான் ஒரு நாற்காலியை எடுத்துப்போய் அவள் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

சரியாக இரண்டு மணிக்குத் தலையணைக்கு அடியில் அவள் கைபேசி அலாரம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அது எதற்கு அடிக்கிறது என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை, பிறகுதான் என் மாத்திரை தளர்கிற நேரம் அது என்று உறைத்தது. அவள் கண்ணைத் திறக்காமலே கையை விட்டு அதை நிறுத்தினாள். அதே வேகத்தில் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"மா, முழிச்சிருக்கியா?"

"முழிச்சுதான் இருக்கேன். நீ தூங்கு."

அவள் அப்படியே சாய்ந்தாள். நாலரை மணி வரை தூங்கினாள். கண் சொருகியபோதெல்லாம் எழுந்து நின்றேன், அவளை எழுப்பவில்லை.